பட்டாவா, வில்லங்கச் சான்றா? கிருஷ்ணகிரிப் பக்கம் நிலம் வாங்குவோருக்கு

இரண்டுமே அரசு ஆவணங்கள்தான். ஆனால் பட்டா வருவாய்த்துறையின் கணக்கு, வில்லங்கச் சான்று பதிவுத்துறையின் கணக்கு. முழு உரிமையை இரண்டில் எதுவும் உறுதி செய்வதில்லை. இங்கே பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல.

பட்டாவின் பலம் சர்வே எண்ணும் பரப்பும். 0.40.5 ஹெக்டேர் (0 ஹெக்டேர், 40.5 ஏர்) என்றிருந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். பத்திரத்தில் 1 ஏக்கர் 10 சென்ட் என்றிருந்தால் அந்த 10 சென்ட் எங்கே என்று புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடத்தில்) அளந்து பார்க்க வேண்டும். 1979-ல் தொடங்கிய யூ.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) பணியின்போது பெயர் மாறிப்போன பட்டாக்கள் இன்னும் உண்டு. கூட்டுப் பட்டா என்றால் யாருக்கு எந்தப் பக்கம் என்பதே தெரியாது.

வில்லங்கச் சான்று பதிவான கிரயம், அடமானம், தானம் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் காட்டும். நம் தேர்வு இதன் பக்கமே சாயும். ஆனால் தேடுகிற எண்ணைப் பொறுத்ததுதான் விடை. 112/3பி என்று மட்டும் தேடினால், உட்பிரிவுக்கு முன் 112/3 என்று பதிவான அடமானம் கண்ணில் படாமல் போகலாம். தாய் எண்ணையும் (உட்பிரிவுக்கு முந்தைய 112/3) போட்டு, குறைந்தது 30 ஆண்டுக்குத் தேடுங்கள். சார்பதிவகத்தின் எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் கேட்க வேண்டும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதிவாகாத உயில், நடப்பிலுள்ள வழக்கு இதில் வராது. மாந்தோப்பு அண்ணன் தம்பிகள் பெயரில் பிரிந்து கிடந்தால் வாரிசுச் சான்றும் வாங்கிப் பாருங்கள்.