கஞ்சா வளர்ப்பு: நீதிமன்ற வழியா, நாடாளுமன்ற வழியா?

தில்லி ஆர்.கே.புரத்தில், மலை மந்திர் பக்கம் மாலையில் கூடும் எங்கள் தமிழ் நண்பர்களிடையே இந்த வாதம் ஓய்வதே இல்லை. வயது வந்தவர் தன் வீட்டில் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றமாகாமல் இருக்க எந்த வழி மேல்?

நீதிமன்ற வழிக்குத் தென்னாப்பிரிக்கா சான்று. வீட்டுக்குள் பயன்படுத்துவதையும் வளர்ப்பதையும் தண்டிப்பது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று 2018 செப்டம்பரில் அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தைத் திருத்த 24 மாத அவகாசமும் தந்தது. அதிபர் கையெழுத்திட்டதோ 2024 மே மாதத்தில்! அதுவரை எவ்வளவு வைத்திருக்கலாம் என்று எழுதப்பட்ட அளவே கிடையாது. போலீஸ்காரரின் கணிப்புதான் அளவுகோல். ஏழைக்கு இதைவிடக் கொடுமை வேறென்ன?

கனடா நாடாளுமன்றத்தின் வழியாகப் போனது. 2017 ஏப்ரலில் மசோதா, 2018 அக்டோபர் 17-இல் அமல். பொது இடத்தில் 30 கிராம், வீட்டுக்கு 4 செடிகள் என எல்லாம் எழுத்தில் வந்தன. கியூபெக், மனிடோபா மாகாணங்கள் வீட்டு வளர்ப்பைத் தடை செய்தன. கியூபெக்கின் தடையை 2023-இல் கனடா உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூக்கும், காய்க்கும் நுனியைத்தான் கஞ்சா என்கிறது. இலையை அரைத்துச் செய்யும் பாங்கு அதில் வராது. ஆனால் உரிமமின்றிச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை சிறை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற நம் உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பை நண்பர்கள் நம்புகிறார்கள். நான் நாடாளுமன்றத்தின் பக்கம். எத்தனை செடி என்பதை ஒரு காவலர் முடிவு செய்யக் கூடாது.