ரெட் டாட், பிரிசம், 1-6 ஸ்கோப்: 300 டாலரை ஒட்டிய விலையில் பொதுப்பயன் ரைபிளுக்கு எது பொருந்தும்?

அமெரிக்க மரைன் படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து, 1976ல் அரிசோனாவில் கன்சைட் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஜெஃப் கூப்பர், பொதுப்பயன் ரைபிள் என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறை தந்தார். எளிதில் தூக்கிச் செல்லக்கூடியதாக, ஒருவரே இயக்கக்கூடியதாக, 200 கிலோ வரை எடையுள்ள விலங்கை ஒரே சூட்டில் வீழ்த்தும் வலு உள்ளதாக அது இருக்க வேண்டும் என்றார். தூரத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் நமக்கு முக்கியம். சுடுபவரால் உயிர்நிலையில் குண்டைச் சேர்க்க முடிகிற தூரமே அந்த ரைபிளின் தூரம் என்று கூறி, எல்லையைத் துப்பாக்கியிடமிருந்து மனிதரிடம் மாற்றினார். ரைபிளின் மேல் எந்தப் பார்வைக் கருவியைப் பொருத்துவது என்ற கேள்விக்கும் இதே அளவுகோலைப் பிடிப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதைவிட, எதிரில் நிற்பது என்ன என்பதையும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் கண் எவ்வளவு தூரம் வரை ஐயமறத் தெரிந்துகொள்ளும் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

ஒப்பீடு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, டெக்சாஸில் ஒரு பண்ணையில் வைத்திருக்கும் ஏஆர்-15 ரைபிளை எடுத்துக்கொள்வோம். .223 தோட்டாவைச் சுடும் இந்த ரைபிளைக் கூப்பர் ஏற்றிருக்க மாட்டார். அந்தச் சிறிய குண்டின் மீது அவருக்கு மதிப்பில்லை. ஆயினும் இன்றைய அமெரிக்கக் கிராமப்புறத்தில் பொதுப்பயன் இடத்தை அதுவே பிடித்திருக்கிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி, ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச் செல்லும் கயோட்டி என்ற நாய்போன்ற காட்டு விலங்கு, பருவத்தில் வெண்வால் மான், இவற்றோடு வீட்டின் பாதுகாப்பு என அத்தனைக்கும் ஒரே துப்பாக்கி. பன்றித் தொல்லை எவ்வளவு பெரிது என்பதற்கு, 2019 செப்டம்பர் முதல் தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடு அவற்றைச் சுட வேட்டை உரிமமே வேண்டாம் என்று அந்த மாநிலம் சட்டம் செய்ததே சான்று. இந்த வேலைகளில் பெரும்பாலானவை 200 கெஜத்துக்குள் நடப்பவை. பன்றியும் கயோட்டியும் வெளியே வருவதோ பெரும்பாலும் ஒளி மங்கிய நேரத்தில்.

இந்த வேலைக்கு 300 டாலரை ஒட்டிய விலையில் நான்கு வகைக் கருவிகள் போட்டியிடுகின்றன.

விலையில் குறைந்தது ரெட் டாட். உள்ளே இருக்கும் சிறு எல்ஈடி விளக்கின் ஒளியை, பூச்சிடப்பட்ட வளைந்த கண்ணாடி கண்ணுக்குத் திருப்பி அனுப்ப, இலக்கின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி மிதப்பதுபோலத் தோன்றும். ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் 1975ல் கொண்டுவந்த இந்த ஏற்பாடு, இன்று சிக் சாவர் ரோமியோ5 போன்ற கருவிகளில் 150 டாலரை ஒட்டிய விலைக்கே கிடைக்கிறது. கருவியை ரைபிளில் பொருத்தும் தாங்கியோடு சேர்த்தாலும் எடை கால் கிலோவுக்குக் குறைவு. கண்ணைக் குறிப்பிட்ட இடத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டே சுடலாம் என்பதால், வீட்டுக்குள்ளும் 50 கெஜத்துக்குள்ளும் இதன் வேகத்துக்கு மற்ற மூன்றும் ஈடாகா.

குறை எங்கே என்றால், உருப்பெருக்கம் அறவே இல்லை. ரோமியோ5இன் புள்ளி 2 எம்ஓஏ அளவுடையது. ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு; 100 கெஜத்தில் அது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். ஆகவே 200 கெஜத்தில் அந்தப் புள்ளி நான்கு அங்குலத்துக்கு மேல் மறைத்துவிடும். ஒரு கயோட்டியின் மார்பில் குறிவைக்க வேண்டிய இடமே ஏறத்தாழ அவ்வளவுதான். இருந்தும், புள்ளியின் பருமனை நான் பெரிய குறையாகக் கருதவில்லை. பழகியவர்கள் அதைச் சமாளித்துவிடுவார்கள். அந்தி வேளையில் 150 கெஜத்துக்கு அப்பால் புதரோரம் அசைவது கயோட்டியா, பக்கத்துப் பண்ணையின் நாயா என்று ரெட் டாட் சொல்லாது என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

இன்னொன்றையும் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணில் ஆஸ்டிக்மாட்டிசம் எனும் வளைவுக் குறைபாடு உள்ளவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது. சிதறிய நட்சத்திரம்போலவோ வால் முளைத்த கறைபோலவோ தெரியும். கருவி பழுது என்று பலர் திருப்பி அனுப்புவது இதனால்தான். கைபேசிக் கேமராவை வில்லைக்குப் பின்னால் பிடித்து ஒரு படம் எடுத்துப் பார்த்தால், படத்தில் புள்ளி வட்டமாக இருக்குமானால் கோளாறு கண்ணில் என்று புரிந்துவிடும். பின்னால் மூன்று மடங்கு உருப்பெருக்கி ஒன்றை வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். அது இலக்கைப் பெரிதாக்கும்போது புள்ளியையும் சிதறலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. எடையும் செலவும் கூடிப்போக, மிச்சம் பிடித்த பணம் அங்கேயே கரைந்துவிடும்.

அடுத்தது 1-6 ஸ்கோப். வோர்டெக்ஸ் ஸ்ட்ரைக் ஈகிள் 1-6x24, பிரைமரி ஆர்ம்ஸ் எஸ்எல்எக்ஸ் 1-6x24 ஆகியவை இந்த விலையில் பெயர் பெற்றவை. உருப்பெருக்கத்தை ஒன்றில் வைத்தால் ரெட் டாட், ஆறில் வைத்தால் வேட்டை ஸ்கோப் என்று எண்ணும்போது, வேறெதுவும் தேவையில்லை என்றே தோன்றும். மரைன் படை 2020ல் ட்ரிஜிகான் நிறுவனத்தின் 1-8 ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்ததும், 2022 ஜனவரியில் தரைப்படை வோர்டெக்ஸின் எக்ஸ்எம்157 கருவிக்கு ஒப்பந்தம் அளித்ததும் இந்த ஈர்ப்பை இன்னும் கூட்டின. ஆனால் அந்த ட்ரிஜிகானின் கடை விலை 2,000 டாலருக்கு மேல். வகை ஒன்று என்பதற்காக, 300 டாலர் கருவியிடம் அதே பயனை எதிர்பார்ப்பது சரியன்று.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. உருப்பெருக்கத்தை மாற்றுவதற்கு வில்லைகள் குழாய்க்குள் முன்னும் பின்னும் நகர வேண்டும். நகரும் ஒவ்வொரு பாகத்துக்கும் துல்லியம் வேண்டும். துல்லியம் வேண்டுமென்றால் பணம் வேண்டும். மலிவான கருவியில் அந்தப் பணம் வில்லையின் தரத்திலிருந்தும் விளக்கின் ஒளியிலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. ஒன்று என்று எழுதியிருக்கும் இடத்தில் பார்வை ஓரங்களில் சற்று வளையும். நண்பகல் வெயிலில் ஒளிரும் குறிக்கோடு மங்கிப்போய் வெறும் கறுப்புக் கோடாக நிற்கும். ஆறு மடங்கிலோ, 24 மில்லிமீட்டர் முன்வில்லையை ஆறால் வகுத்தால் கிடைக்கும் நான்கு மில்லிமீட்டர்தான் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம். அந்தியில் கண்மணி அதைவிடப் பெரிதாக விரிந்திருக்கும் என்பதால் காட்சி இருண்டு தெரியும். தலை சற்று விலகினாலும் காட்சியே மறைந்துவிடும். ஸ்ட்ரைக் ஈகிளில் குறிக்கோடு இரண்டாம் குவியத் தளத்தில், அதாவது உருப்பெருக்கத்தை மாற்றினாலும் கோட்டின் அளவு மாறாத இடத்தில் இருப்பதால், குண்டின் இறக்கத்தைக் காட்டும் கோடுகள் முழு உருப்பெருக்கத்தில் மட்டுமே சரியாக வேலை செய்யும். நான்கில் வைத்துச் சுட்டால் அவை தவறான தூரத்தைக் காட்டும் என்பதை அவசரத்தில் நினைவில் வைத்திருப்பவர் குறைவு.

எடை தனிக் கதை. ஸ்ட்ரைக் ஈகிள் 18.5 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல். தாங்கியைச் சேர்த்தால் முக்கால் கிலோவை நெருங்குகிறது. பண்ணை வேலிகளைத் தாண்டி நாள் முழுதும் தோளில் சுமப்பவருக்கு இது சிறிய எண்ணன்று. ஒன்றில் வைக்கும்போது 100 கெஜத்தில் 116 அடி அகலம் வரை தெரிவதும், ஆறு மடங்கில் இலக்கை இனங்காண முடிவதும் அதன் உண்மையான நன்மைகள். பயிற்சித் திடலில் அருகிலும் தொலைவிலும் மாறி மாறிச் சுடும் போட்டிகளில் இறங்குபவர்கள் இதையே வாங்கட்டும்.

மூன்றாவதான பிரிசம் ஸ்கோப்புக்கு விளம்பரம் குறைவு. என் மதிப்பீட்டில் தகுதி கூடுதல். தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்த நீண்ட வில்லை வரிசைக்குப் பதிலாகக் கண்ணாடிப் பட்டகம் ஒன்றைப் பயன்படுத்துவதால் கருவி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பிரைமரி ஆர்ம்ஸின் மூன்று மடங்கு மைக்ரோபிரிசம் இந்த வகையில் நன்றாக அறியப்பட்டது. உருப்பெருக்கம் நிலையானது என்பதால் நகரும் வில்லைகள் இல்லை. ஆகவே அதே பணம் கண்ணாடியின் தரத்துக்குப் போகிறது. குறிக்கோடு கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருப்பதால், மின்கலம் செத்துப்போனாலும் கறுப்பாகத் தெரிந்துகொண்டே இருக்கும். கண்பக்க வளையத்தைத் திருப்பி அவரவர் பார்வைக்கு ஏற்பக் கூர்மையாக்கிக்கொள்ளலாம் என்பதால், ரெட் டாட்டில் புள்ளி சிதறித் தெரிபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இறக்கக் கோடுகளும் எப்போதும் ஒரே அளவில்தான் இருக்கும், மனக்கணக்கு வேண்டாம்.

மூன்று மடங்கு போதுமா என்று கேட்கலாம். போதும். 200 கெஜத்தில் இருப்பதை 67 கெஜத்தில் நிற்பதுபோலக் காட்டினால் நாயையும் கயோட்டியையும் பிரித்தறியலாம். 50 கெஜத்தில் குறியும் குண்டும் ஒன்றுசேரும்படி நிலைப்படுத்திய .223 ரைபிளின் குண்டு 200 கெஜத்தை ஒட்டி மறுபடியும் பார்வைக் கோட்டைத் தொடுகிறது. இடையில் ஏற்படும் விலகல் ஏறத்தாழ இரண்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடுகிறது. எனவே அந்தத் தூரம் வரை நேராகக் குறிவைத்தாலே போதும். ஆனால் கண்ணை ஏறத்தாழ ஒரே இடத்தில் வைத்தாக வேண்டும் என்பதும், வீட்டுக்குள் ஐந்தடித் தூரத்தில் மூன்று மடங்குக் காட்சி தடுமாற வைக்கும் என்பதும் உண்மைக் குறைகள். பழைய ட்ரிஜிகான் ஏகாக் டிஏ31 என்ற பிரிசம் கருவியில் கண் வெறும் ஒன்றரை அங்குலத் தூரத்தில் இருக்க வேண்டியிருந்தது. இன்றைய பிரிசங்களில் பலவும் அதைவிட இடம் தருகின்றன. ஆனாலும் கண்ணாடி அணிபவர் வாங்கும் முன் தோளில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நான்காவதான மரபு வேட்டை ஸ்கோப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லியூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9x40, 12.2 அவுன்ஸ் எடையில், கண்ணுக்கு ஏறத்தாழ நான்கு அங்குல இடைவெளி தந்து, மங்கிய ஒளியில் 1-6 ஸ்கோப்பைவிடத் தெளிவாகக் காட்டும். உங்கள் பொதுப்பயன் ரைபிள் ஏஆர் வகையாக இல்லாமல், ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் தாழை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷனாக இருந்து, வீட்டுப் பாதுகாப்பு அதன் வேலையாக இல்லாவிட்டால், மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இதையே வாங்குங்கள்.

ஆக, பண்ணையில் வைத்திருக்கும் ஏஆருக்கு என் தேர்வு மூன்று மடங்குப் பிரிசம். வீட்டுப் பாதுகாப்பே முதல் வேலை என்றாலோ, சுடும் தூரம் 100 கெஜத்தைத் தாண்டாது என்றாலோ ரெட் டாட் போதும். மிஞ்சும் பணத்தில் ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிவிடலாம். உண்மையில் எந்த ஸ்கோப்பை வாங்கினாலும் பைனாகுலர் ஒன்று அவசியம். என்னவென்று தெரியாத ஒன்றை ஸ்கோப் வழியாகப் பார்ப்பது அதன் மேல் துப்பாக்கியை நீட்டுவதாகும்.

பிரிசமும் ரெட் டாட்டும் பெரும்பாலும் தாங்கியோடே வருகின்றன. 1-6 ஸ்கோப்புக்கோ வேட்டை ஸ்கோப்புக்கோ தாங்கி தனிச் செலவு. ஒதுக்கிய தொகையில் கால் பங்கையாவது அதற்கு வைத்துவிட்டு மீதியில் ஸ்கோப்பைத் தேடுங்கள். தளர்ந்த தாங்கியின் மேல் எந்தக் கண்ணாடியும் குறி தவறத்தான் செய்யும். திருகுகளைக் கைக்கணக்கில் முறுக்காமல், தயாரிப்பாளர் குறித்துள்ள அளவுக்கு முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, ஒவ்வொரு திருகின் தலையிலும் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். பருவம் தொடங்கும் முன் அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்து, 50 கெஜத்தில் மூன்று குண்டுகள் சுட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.