டயல்-அப் மோடம்: உள்ளே செருகும் கார்டா, வெளியே வைக்கும் பெட்டியா, யூஎஸ்பியா?

பழைய பென்டியம் கணினியைத் தூசி தட்டி, வின்டோஸ் 98 ஏற்றி, கூடவே போன் லைன் வழியே இணையத்துக்குப் போக அந்தக் காலத்து மோடம் ஒன்றும் வேண்டும் என்று சென்னை ரிச்சி தெருப் பக்கம் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கையில் சிக்குவது பெரும்பாலும் மூன்று வகை: மதர்போர்டில் செருகும் பிசிஐ கார்டு, சீரியல் கேபிளில் இணைக்கும் எக்ஸ்டர்னல் பெட்டி, யூஎஸ்பி மோடம். மூன்றிலும் 56கே (நொடிக்கு 56,000 பிட்) என்றுதான் அச்சடித்திருக்கும். அதனால் வேகத்தை வைத்து ஒப்பிடுவது வீண். நல்ல லைன் கிடைத்தால் மூன்றும் ஓடும், கரகரக்கும் லைனில் மூன்றும் திணறும்.

நான் பார்ப்பது வேறொன்றை. இணைப்பு வராதபோது கோளாறு டிரைவரிலா, போர்ட்டிலா, லைனிலா, மறுமுனையிலா என்று எது காட்டிக்கொடுக்கும்? டயல்-அப்பில் பாதி வாழ்க்கை இந்தக் கேள்வியிலேயே கழிந்தது.

பிசிஐ கார்டு: மலிவு, ஆனால் வாய் திறக்காது

1990களின் கடைசியில் விற்ற இன்டர்னல் கார்டுகளில் பெரும்பாலானவை முழு மோடமே அல்ல, மோடத்தின் வேலையில் ஒரு பங்கைக் கணினியே செய்யும். இப்படிப்பட்டவற்றுக்கு வின்மோடம் என்ற பெயரை யூஎஸ் ரோபாட்டிக்ஸ் தன் வணிகப் பெயராக வைத்திருந்தது. பிறகு எல்லாக் கம்பெனிக் கார்டுகளையும் ஜனங்கள் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். இதிலும் இரண்டு ஜாதி உண்டு. லூசென்ட்டின் எல்டி வின்மோடத்தில் சிக்னலைக் கையாளும் டிஎஸ்பி சிப் கார்டிலேயே இருக்கும், கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் கன்ட்ரோலர் வேலையை மட்டும் கணினி பார்க்கும். பிசிடெல், மோட்டோரோலா எஸ்எம்56, ஸ்மார்ட் லிங்க் போன்றவற்றில் அந்த டிஎஸ்பி வேலையும் கணினியின் சிபியூ தலையில்தான். கார்டில் மிஞ்சுவது ஒலியை எண்களாகவும் எண்களை ஒலியாகவும் மாற்றும் ஒரு கோடெக்கும் போன் லைனைத் தொடும் சுற்றும்தான். விலை குறைந்ததன் ரகசியம் இவ்வளவே.

டிரைவர் தேடும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது அட்டைப் பெட்டியில் உள்ள பெயரை. அது உதவாது. சிப் யாருடையது என்பதுதான் கணக்கு. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்கும் சாதனத்தில், சிப் செய்த கம்பெனியைக் காட்டும் வென்டார் எண்ணைப் பாருங்கள். 11சி1 என்றால் லூசென்ட் அல்லது அதன் வாரிசான அகேர். 14எஃப்1 என்றால் கோனெக்ஸன்ட். 134டி என்றால் பிசிடெல். எக்ஸ்பியில் 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்று மட்டும் வந்து நின்றால் அவசரப்பட்டு மோடம் டிரைவர் தேடக் கிளம்ப வேண்டாம். சற்றுப் புதிய இன்டெல் போர்டுகளில் மேனேஜ்மென்ட் என்ஜின் என்ற, மோடத்தோடு சம்பந்தமில்லாத பகுதியும் இதே பெயரில்தான் தலைகாட்டும். மோடமே இல்லாத கணினிக்கு மோடம் டிரைவர் தேடி அலைந்தவர்கள் எத்தனையோ பேர். வென்டார் எண் 8086, அதாவது இன்டெல், என்றால் முதலில் மதர்போர்டு டிரைவரைப் போட்டுப் பாருங்கள்.

ஏஎம்ஆர், சிஎன்ஆர் என்ற குட்டி ஸ்லாட்டுகளில் செருகும் மோடத்துக்கு இன்னொரு தலைவலி. அங்கே கணினி காட்டும் எண் மதர்போர்டு சிப்செட்டுடையது, மோடம் கோடெக்கைச் செய்தவர் யார் என்பது அதில் தெரியாது. இந்த வகையை இனாமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

இந்தக் கார்டுகளின் பெரிய குறை, பரிசோதனையில் பொய் சொல்வது. கன்ட்ரோல் பேனலில் மோடத்தைச் சோதித்தால் 'ஓகே' என்று பதில் வரும். முழு மென்பொருள் மோடத்தில் அந்த ஓகேயைச் சொல்வது கார்டு அல்ல, டிரைவர். வீட்டுக்காரர் இல்லாதபோது பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுக்கிற மாதிரி. இடி விழுந்து லைன் பக்கச் சுற்று கருகியிருந்தாலும் பதில் ஒழுங்காகவே வரும். டயல் செய்தால் மட்டும் பிழை எண் 680, அதாவது டயல் டோன் இல்லை. வயரிலா, கார்டிலா என்று அறிய அதே வயரில் சாதாரண போனை மாட்டிக் காது வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, சிபியூ மும்முரமானால் இணைப்பு அறுந்துபோகும். பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போதோ வைரஸ் ஸ்கேன் ஓடும்போதோ லைன் துண்டானால், டெலிபோன் எக்ஸ்சேஞ்சைத் திட்டுவதற்கு முன் கார்டைச் சந்தேகியுங்கள்.

சீரியல் பெட்டி: விளக்கே சாட்சி

யூஎஸ் ரோபாட்டிக்ஸின் கூரியர், ஸ்போர்ட்ஸ்டர் பெட்டிகளை நினைவிருக்கிறதா? முகப்பில் வரிசையாக விளக்குகள். கோளாறு கண்டுபிடிக்க இவைபோல உதவியது வேறெதுவும் இல்லை. கணினி தயார் என்று காட்டும் டிஆர் விளக்கு எரியவில்லையா? கணினி போர்ட்டையே திறக்கவில்லை, கேபிளையோ காம் (சீரியல் போர்ட்) எண்ணையோ பாருங்கள். ஓஎச் எரிந்தால் மோடம் போனை எடுத்துவிட்டது. அதன்பிறகு கீச்சு மூச்சு என்று கத்திக்கொண்டே இருந்து, மறுமுனையோடு இணைந்ததைக் காட்டும் சிடி விளக்கு எரியவில்லை என்றால் இரண்டு மோடங்களுக்கும் பேச்சு ஒத்துவரவில்லை, சந்தேகம் லைன் மேல். சிடியும் எரிந்த பிறகு பிழை எண் 691 வந்தால் மோடத்தின் மேல் குற்றமே இல்லை: யூசர் நேமோ பாஸ்வேர்டோ தப்பு.

டிரைவர் தொல்லை இங்கே அநேகமாகக் கிடையாது. டிரைவர் என்று குறுந்தகட்டில் தருவது கட்டளைச் சரங்கள் எழுதிய ஒரு ஐஎன்எஃப் கோப்புதான். அது தொலைந்தால் வின்டோஸில் 'ஸ்டாண்டர்ட் 56000 பிபிஎஸ் மோடம்' என்று தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் வேலை நடக்கும். லினக்ஸிலும் அப்படித்தான், சீரியல் போர்ட் தெரிந்தால் மோடம் தெரியும். பிசிஐ கார்டுக்கு லினக்ஸில் நடக்கும் கூத்தே வேறு: எந்த சிப் என்று அறிய ஸ்கேன்மோடம், ஸ்மார்ட் லிங்குக்கு எஸ்எல்மோடம், கோனெக்ஸன்டுக்கு லினக்ஸன்ட் தந்த டிரைவர். அந்த லினக்ஸன்டின் இலவசப் பதிப்பும் 14.4கேயோடு நின்றுவிடும்.

பெட்டியின் தொல்லைகள் மோடத்தில் இல்லை, போர்ட்டில் இருக்கின்றன. காம்1, காம்3 இரண்டும் வழக்கமாக, சிபியூவைக் கூப்பிடும் கோடான ஐஆர்க்யூ 4ஐப் பங்கு போடும். காம்2, காம்4 இரண்டும் 3ஐ. சீரியல் மவுஸ் காம்1இல் இருந்து மோடத்தை காம்3இல் வைத்தால், மவுஸை அசைக்கும்போது மோடம் மயங்கி விழும். அடுத்தது, 486 காலத்துப் போர்டுகளில் சீரியல் போர்ட்டை நடத்தும் யூஆர்ட் சிப் 16450 வகையாக இருந்தால் ஒவ்வொரு பைட்டுக்கும் சிபியூவைக் கூப்பிடும். 16 பைட் தாங்கும் 16550ஏ இருந்தால்தான் 115200 வேகத்தில் போர்ட்டை வைத்துத் தூங்கலாம்.

தொங்கிப்போனால் பெட்டியை மட்டும் அணைத்துப் போடலாம், கணினியை ரீபூட் செய்ய வேண்டியதில்லை. மழைக்காலத்தில் இடி லைன் வழியே இறங்கினால் பெரும்பாலும் பெட்டியோடு போகும். உள்ளே செருகிய கார்டு என்றால் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போக வாய்ப்பு அதிகம். ஐப்பசியில் மின்னல் வெட்டினால் முதலில் போன் வயரைப் பிடுங்குவது எல்லா வகைக்கும் பொது விதி.

யூஎஸ்பி: பெயர் ஒன்று, ஆள் இரண்டு

வெளியே இருப்பதால் முழு மோடம் என்று யூஎஸ்பியை நம்பிவிடக் கூடாது. சிலவற்றில் கன்ட்ரோலர் உள்ளேயே உண்டு. யூஎஸ் ரோபாட்டிக்ஸ் 5637 அப்படிப்பட்டது, லினக்ஸில் தனி டிரைவர் கேட்காமல் ஏசிஎம் என்ற பொது யூஎஸ்பி மோடம் வகையாக வந்து உட்காரும். மற்ற பல மலிவுக் குச்சிகள் உள்ளே அதே மென்பொருள் மோடம்தான், பிசிஐ கார்டின் எல்லா வியாதியும் அவற்றுக்கும் உண்டு. 64 பிட் வின்டோஸில் கையொப்பமில்லாத பழைய டிரைவர் ஏறாது என்பதால் அவற்றில் பல இன்று வெறும் பிளாஸ்டிக்.

புது லேப்டாப்பில் சீரியல் போர்ட் இல்லையே என்று யூஎஸ்பி-சீரியல் மாற்றி வாங்கிப் பெட்டியை இணைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ப்ரோலிஃபிக் பிஎல்2303இன் பழைய சிப்களையும் போலிகளையும் புதிய டிரைவர் ஏற்காது, 'கோட் 10' என்ற பிழையோடு நிற்கும். மோடம் நன்றாகத்தான் இருக்கும், நடுவில் இருப்பவர்தான் வேலைநிறுத்தம்.

ஆகவே என் ஓட்டு சீரியல் பெட்டிக்கு, சீரியல் போர்ட் இல்லாத கணினிக்கு மட்டும் கன்ட்ரோலர் உள்ள யூஎஸ்பிக்கு. பிசிஐ கார்டு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். வின்டோஸை அழித்துப் போடுமுன் வென்டார் எண்ணையும் டிரைவரையும் குறுந்தகட்டில் எடுத்து வையுங்கள். டிரைவர் இருப்பது இணையத்தில், இணையத்துக்குப் போக வேண்டியது அந்த டிரைவரில்.

இனி எதனோடு இணைப்பது என்ற கேள்வி. அமெரிக்காவில் ஏஓஎல் கூட 2025 செப்டம்பர் 30இல் டயல்-அப்பை நிறுத்திவிட்டது. இன்று பலரும் செய்வது, ஒரு சின்ன இன்டர்காம் எக்ஸ்சேஞ்சில் இரண்டு மோடங்களை மாட்டி ஒன்றோடொன்று பேசவிடுவது. இன்டர்காமின் டயல் டோன் மோடத்துக்குப் பிடிபடாமல் 680 வந்தால் ஏடிஎக்ஸ்3 கட்டளையைச் சேருங்கள், டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். மறுமுனையில் ஏடிஏ கட்டளை கொடுத்தால் மோடம் அழைப்பை எடுக்கும். ஆனால் வி.90 என்ற மோடம் தரத்தின் 56கே, ஒரு முனை டிஜிட்டலாக எக்ஸ்சேஞ்சோடு இணைந்திருந்தால் மட்டுமே கிடைப்பது. இரண்டு சாதாரண மோடங்களுக்கு நடுவே வி.34 தரத்தின் 33,600தான் உச்சம், அதற்கு மேல் வேண்டும் என்று டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை.