பவாயா, ஃபுல்பிரைட்டா?

மும்பையில் இருந்துகொண்டே வெளிநாட்டு ஆராய்ச்சி வேண்டுமா? பவாய் வளாகத்தில் ஐஐடி பாம்பேயும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலையும் சேர்ந்து நடத்தும் ஐஐடி பாம்பே–மோனாஷ் ஆராய்ச்சி அகாதமி 2008 முதல் இருக்கிறது. இரு நாட்டிலும் கைடு, கொஞ்ச காலம் ஆஸ்திரேலியா, இரண்டு நிறுவனமும் சேர்ந்து தரும் பிஎச்டி. தொல்லையும் இரட்டைதான்: பவாயில் தலையாட்டிய அத்தியாயம் மெல்பர்னிலிருந்து திருத்தங்களோடு திரும்பி வரலாம். பொறியியல், அறிவியல்காரர்களுக்குத் தோதானது.

இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு நிதி வேறு ரகம். ஏற்கெனவே இங்கே பிஎச்டிக்குப் பதிந்தவர்களுக்கு 6 முதல் 9 மாதம் அமெரிக்கா. பட்டம் உள்ளூர்ப் பல்கலையுடையதே. பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கான ஜே-1 விசா என்பதால், விலக்கு வாங்காவிட்டால், ஊர் திரும்பி 2 ஆண்டு இருந்த பிறகே ஹெச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு எல்லாம். அங்கேயே தங்கிவிட நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. மாட்டுங்காப் பக்கம் வரலாறு படிக்கும் பிள்ளை கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஃபுல்பிரைட்டைத்தான் சொல்வேன்.