டிஸ்கைக் கடைவதா, மாற்றுவதா? பிரேக் பிடித்தால் உதறும் காருக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வெளியே ஃபீல்ட்ஸ் ஹில் என்ற செங்குத்து இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறுகிறது என்று வண்டியைக் கொண்டுபோனால், டர்பன் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: “ஸ்கிம் பண்ணட்டுமா, புது டிஸ்க் போடட்டுமா?” டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, ஸ்கிம் என்பது அதன் முகத்தை மெல்லியதாகக் கடைந்து சமனாக்குவது. அளவே எடுக்காமல் கேட்கிற கேள்வி இது. ஸ்கிம் என்பதிலேயே இரண்டு வகை உண்டு. இரண்டும் தேவைப்படாத வண்டிகளும் உண்டு.

முதலில் உதறல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்டீயரிங் ஆடினால் முன் டிஸ்க். இருக்கையும் பெடலும் மட்டும் துடித்தால் பின்பக்கம். பழைய டொயோட்டா கொரோலா, ஃபோக்ஸ்வாகன் போலோ விவோ போன்றவற்றில் அங்கே டிஸ்குக்குப் பதில் டிரம் இருக்கும். காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில், பட்டனை அழுத்தியபடியே ஹேண்ட்பிரேக்கை மெதுவாக இழுத்தால் பின்பக்கம் மட்டும் பிடித்துக் காட்டிக்கொடுக்கும். பிரேக்கே தொடாமல் 90, 100இல் ஆடுகிறதென்றால் அது வீல் பேலன்ஸ் சங்கதி, டிஸ்கை விட்டுவிடுங்கள்.

“டிஸ்க் வளைந்துவிட்டது” என்பது பேச்சுவழக்கு. உண்மையில் நடப்பது வேறு. டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால், பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் பேட் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் கி.மீ.யில் அந்த இடம் மட்டும் மெலியும். தடிப்பில் 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே கைக்குத் தெரியும். ஆகவே தடிப்பு வித்தியாசம் நோய் என்றால், ஆட்டம் அதன் வேர். வேரை விட்டுவிட்டுக் கடைந்தாலும் புதிது போட்டாலும் நோய் திரும்பி வரும்.

ஆட்டத்தை டயல் கேஜ் சொல்லும். சக்கரத்தைக் கழற்றி, வாஷர் வைத்து எல்லா நட்டையும் முறையாக முறுக்கி, டிஸ்கின் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே ஊசியை வைத்துச் சுற்ற வேண்டும். பல வண்டிகளுக்கு 0.05 முதல் 0.10 மி.மீ.தான் எல்லை. தடிப்பை மைக்ரோமீட்டரில் எட்டு இடங்களில் எடுக்கலாம். இது அரை மணி வேலை. பட்டறைக்காரர் இதைச் செய்ய மாட்டேன் என்றால் வேறு பட்டறை பார்ப்பது நல்லது.

பேடின் பொருள் டிஸ்கில் ஒட்டியதால் உதறுகிறது என்றால் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. இறக்கம் முழுக்க பிரேக்கில் காலை வைத்தே வந்து, கீழே சிக்னலில் சிவப்பு விழ, கொதிக்கும் டிஸ்கைப் பேடால் இறுக்கிப் பிடித்தபடி நின்றால் பேடின் பொருள் அந்த இடத்தில் திட்டாக ஒட்டும். ஒட்டல் புதிதாக இருந்தால் ஆளில்லாத சாலையில் 60இலிருந்து 15க்கு, முழுசாக நிறுத்தாமல், பத்துத் தடவை அழுத்திப் பிடித்துவிட்டு, பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டினால் பெரும்பாலும் தேய்ந்து போகும். நீலம் பாரித்த திட்டுகள் தெரிந்தால் இந்த வழி பலிக்காது. அங்கே இரும்பே கெட்டியாகிவிட்டது. கடைந்தாலும் அந்த இடம் மறுபடி மேடாகும். அதற்குப் புது டிஸ்க்தான்.

இனி ஸ்கிம். டிஸ்கைக் கழற்றி லேத்தில் (கடைசல் இயந்திரம்) போடுவது ஒன்று, வண்டியிலேயே ஹப்போடு (டிஸ்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) சேர்த்துக் கடைவது இன்னொன்று. லேத்தில் டிஸ்க் நேராகும், ஆனால் கோணலாக இருக்கிற ஹப்பில் திரும்ப மாட்டினால் மறுபடி ஆடும். வண்டியிலேயே கடைந்தால் ஹப்பின் கோணலும் சேர்ந்து சமனாகும். இரண்டில் எது என்று கேட்டால், தயங்காமல் வண்டியிலேயே கடைவதைத்தான் சொல்வேன். பிறகு எப்போதாவது டிஸ்கைக் கழற்றினால் எந்த ஸ்டடுக்கு (சக்கர நட்டு ஏறும் போல்ட்) எந்தத் துளை என்று பெயிண்டால் குறித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கடைந்ததெல்லாம் வீண்.

கணக்கு எளிது. புதிதில் 22 மி.மீ., குறைந்தபட்சம் 19 என்று முத்திரையிட்ட டிஸ்க் இப்போது 21 இருக்கிறது. இரு முகத்திலும் 0.2 எடுத்தால் 20.6, தாராளமாகக் கடையலாம். 19.7 இருந்தால் கடைந்த பின் 19.3தான் மிஞ்சும், அடுத்த செட் பேட் தேய்வதற்குள் எல்லை தாண்டிவிடும். மெல்லிய டிஸ்க் சூடும் குறைவாகத்தான் தாங்கும், ஆகவே சீக்கிரமே மறுபடி உதறும். அங்கே ஸ்கிம் கூலி தண்டம்.

புது டிஸ்க் போட்டால் தீர்ந்தது என்ற நம்பிக்கைதான் அதிகம் ஏமாற்றுகிறது. டர்பன் கடலோரக் காற்றில் ஹப் முகத்தில் துரு படியும். அதன்மேல் புது டிஸ்கை உட்கார வைத்தால் முதல் நாளே ஆட்டம்தான். கம்பிப் பிரஷால் பளபளக்கத் தேய்த்து, டிஸ்கின் எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் துடைத்து, மாட்டி, மறுபடி அளக்க வேண்டும். ஆட்டம் மிஞ்சினால் டொயோட்டாவில் டிஸ்கை ஒரு ஸ்டட் நகர்த்தி மாட்டிப் பார்க்கலாம். போலோவில் சிறு திருகு ஒன்று இடத்தைக் கட்டிப்போடுவதால் அது முடியாது. வண்டியிலேயே கடைவது அல்லது ஹப் மாற்றுவதுதான் வழி. பழைய டிஸ்க் துருவில் ஒட்டிக்கொண்டால் சுத்தியலால் விளாசாதீர்கள். டொயோட்டா டிஸ்கில் அதற்கென்றே எம்8 போல்ட் துளை இரண்டு இருக்கும், மாறி மாறி முறுக்கினால் தானே கழன்று வரும்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு பக்கமும் ஜோடியாகச் செய்யுங்கள், பேடும் புதிது போடுங்கள். பேடை அழுத்தும் கேலிப்பர் எந்தக் கம்பியில் (pin) நகர்கிறதோ, அது தடையில்லாமல் சறுக்குகிறதா பாருங்கள். அதற்கு சிலிகோன் கிரீஸ்தான், சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். வீல் நட்டையோ போல்ட்டையோ இம்பாக்ட் கன்னால் கண்டபடி இறுக்குவதும் டிஸ்கைக் கோணலாக்கும். டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) எதிரெதிராக முறுக்குங்கள், கொரோலாவுக்கு 103, போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர்.

பின் டிரம் என்றால் அதையும் கடையலாம், முத்திரையிட்ட அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக்கூடாது.

புனித வெள்ளிக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் அருகே மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு இறங்குகிறவர்கள், இந்த வேலையைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே முடித்து, புது பேட் டிஸ்கோடு இசைந்துகொள்ளும்படி உள்ளூரிலேயே ஓட்டிப் பழக்கிவிடுங்கள். ஐந்து பேரும் சாமான்களுமாக வழியிலுள்ள வேன் ரீனன் மலைக் கணவாயில் இறங்கும்போது புது பேடைப் பழக்கினால் டிஸ்கில் திட்டு ஒட்டும். அங்கே கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடியுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல், இடைவெளி விட்டு விட்டு அழுத்துங்கள்.