சம்பளத்தில் பிடிக்கும் வரி, விலைக்குள் ஒளியும் வரி

வருமான வரி கண்ணில் படுகிறது, அதனால் வலிக்கிறது. சம்பளம் கைக்கு வரும் முன்பே பிடிக்கும் வரி, சம்பளச் சீட்டில் டிடிஎஸ் என்று தனியாக நிற்கும். முதலீட்டுச் சான்றுகளை நேரத்தில் கொடுக்காவிட்டால், விடுபட்ட ஆண்டு வரி முழுவதும் மார்ச்சுக்குள் மிஞ்சிய இரண்டு மூன்று சம்பளங்களில் பிடிபடும். வயிற்றெரிச்சல் அப்போதுதான் உச்சம். ஆனால் இங்கே வழி உண்டு. உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பிடித்த தொகையைச் சரிபார்த்து ரிட்டர்ன் போட்டால், கூடுதலாகப் போனது திரும்பி வரும். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில், சம்பளம் மட்டுமே வருமானம் என்றால் 12.75 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை.

ஜிஎஸ்டி எனும் சரக்கு, சேவை வரி எம்ஆர்பிக்குள் அடங்கிவிடுவதால் யாரும் முணுமுணுப்பதில்லை. 18% வரியுள்ள 118 ரூபாய்ப் பொருளில் 18 ரூபாய் வரி. வருமானமே இல்லாத மாணவரும் அதே 18 ரூபாயைத்தான் கட்டுகிறார். வாங்குபவர் ரீஃபண்ட் கேட்க முடியாது. என்னைக் கேட்டால், கோபப்பட வேண்டிய இடம் இதுதான். ஷாம்பு, பற்பசைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் 5 ஆனது நல்ல விஷயம்.

ஓட்டல் பில்லில் மட்டும் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 2.5%, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 2.5% எனப் பிரித்துக் காட்டுவதால் உறுத்துகிறது. அப்போது பில்லில் உள்ள கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கடையென்றால் 33இல் தொடங்கும். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தானே வரியாகக் கட்டும் சிறு வணிகர் திட்டத்தில், இருக்கும் கடை உங்களிடம் தனியாக வரி வசூலிக்கவே கூடாது.