பெரிய பை எடுக்கலாமோ?

நாய்ச் சாப்பாட்டு விலை கொஞ்சம் இறங்கியதும் மல்லாவி நண்பன் கேட்டான்: "மச்சான், நீ போடுற அந்த உலர் சாப்பாட்டில இருபது கிலோ பையா எடுக்கட்டோ?"

சாப்பாட்டில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் விலை ஏறியதால் நான் நிறுத்தி, பிறகு திரும்ப வாங்கத் தொடங்கிய பொருள் இது. என் நாய் வீரனின் மயிர் மினுங்குகிறது, மலம் இறுகிப் போகிறது, பழைய வயிற்றுக் குழப்பம் இல்லை. முன்பு எங்கள் கறிக்குழம்பு ஊற்றிய சோறுதான் அவனுக்கும். வெங்காயமும் உள்ளியும் பச்சையோ அவித்ததோ, நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்று மிருக வைத்தியர் சொன்ன பிறகு குழம்பு நின்றது.

என் கோபமெல்லாம் அதை வைத்திருப்பதில்தான். மணத்துக்காக உருண்டைகளின் வெளியே கொழுப்புப் பூசியிருப்பார்கள். பையைத் திறந்ததும் காற்றும் சூடும் பட்டு அது காறத் தொடங்கும். சில விட்டமின்களும் குறையும். 27 பாகைக்குக் கீழே வையுங்கள் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. ஓகஸ்ட் மாதம் கிளிநொச்சியில் தகரக் கூரைக்குக் கீழே 27 பாகைக்கு எங்கே போவது? பையின் சிப் வேறு இரண்டு தரம் இழுத்தால் வாயைப் பிளக்கிறது. பிறகு எறும்பு. வாளியில் கொட்டி வைக்கலாம் என்றால், சுவரில் ஒட்டிய பழைய கொழுப்பு புதுச் சாப்பாட்டையும் கெடுக்கும். பையோடு வாளிக்குள் இறக்கி மூடுவதுதான் சரி, ஆனால் பெரிய பை எந்த வாளிக்குள் இறங்கும்?

அதைவிட மோசம், கடையில் மூட்டையைத் திறந்து அரிசிக்குப் பக்கத்தில் வைத்துக் கிலோக் கணக்கில் சொப்பிங் பையில் நிறுத்துத் தருவது. காலாவதித் திகதி இல்லை, தொகுதி இலக்கமும் இல்லை. 2020 கடைசியில் அமெரிக்காவில் பூஞ்சை நச்சான அஃப்ளாடொக்சின் கலந்த நாய்ச் சாப்பாட்டைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே பையிலிருந்த இலக்கத்தைப் பார்த்தாவது எறியலாம். சொப்பிங் பையில் எதைப் பார்ப்பது? கேட்டால், "நாய்தானே தின்னப்போகுது" என்கிறார் கடைக்காரர். அந்தக் கதைதான் எனக்குப் பிடிப்பதில்லை.

நண்பனுக்கு எழுதினேன்: நல்ல சாப்பாடு, வாங்காதே. உன்னிடம் இருப்பது குட்டி, இந்தப் பை வளர்ந்த நாய்க்கு. குட்டிக்கென்று எழுதிய சின்னப் பையாக எடு, கிலோவுக்குக் காசு கூடினாலும் பரவாயில்லை. வெறும் சோறும் இறைச்சியும் போட்டுச் சமாளிக்கலாம் என்றும் நினையாதே. அதில் கல்சியம் போதாது, வளரும் எலும்பு வளைந்துவிடும்.

"அப்ப நீ என்ன வாங்குவாய்?" என்று கேட்கிறான். நான் இதைத்தான் வாங்குவேன், திட்டித் திட்டி.